வைத்தியர் ஏன் நிற்க வேண்டும்?



க.பொ.த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் நாட்களில் நம் பத்திரிகைகளைப் புரட்டிப் பாருங்கள். உயிரியல் பிரிவில் மாவட்டத்தில் முதலிடம் பெற்ற மாணவனின் அல்லது மாணவியின் படம் இருக்கும். அருகே பெற்றோரும் ஆசிரியரும் புன்னகையோடு நிற்பார்கள். எதிர்காலத்தில் என்ன செய்ய விருப்பம் என்ற கேள்விக்கு ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரே விடைதான் வருகிறது: வைத்தியராகி ஏழை மக்களுக்குச் சேவை செய்ய வேண்டும்.

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அதே பிள்ளைகளைத் தேடிப் பார்த்தால், ஒருவர் போதனா வைத்தியசாலை விடுதியில் இரவு இரண்டு மணிக்கு நோயாளியின் நாடியைப் பிடித்தபடி நிற்பார். ஒருவர் இலண்டனிலோ மெல்பேணிலோ இருப்பார். இன்னொருவர் மாலை நான்கு மணி அடித்ததும் அரசாங்க வைத்தியசாலையிலிருந்து புறப்பட்டு, தனியார் வைத்தியசாலையில் இரவு பத்து மணிவரை நோயாளர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். மூவரும் அன்று ஒரே விடையைச் சொன்னவர்கள். அப்படியானால் இருவர் பொய் சொன்னார்கள் என்று கொள்வதா?

அப்படி அவசரப்பட்டுத் தீர்ப்பிடுவது நமக்கு அழகல்ல. பத்தொன்பது வயதில் சொன்ன அந்த வார்த்தை பெரும்பாலும் உண்மையான வார்த்தையே. ஆனால் ஒருவர் ஏன் வைத்தியராகிறார் என்பது ஒரு கேள்வி. வைத்தியரானவர் ஏன் வைத்தியசாலையில் தொடர்ந்து நிற்கிறார் என்பது வேறொரு கேள்வி. இரண்டையும் ஒன்றெனக் கொள்வதால்தான் நாம் வைத்தியரைச் சிலவேளை தெய்வமாக்குகிறோம். சிலவேளை திட்டித் தீர்க்கிறோம். இவ்வாரம் இந்த இரண்டாவது கேள்வியைக் குறித்துச் சற்று ஆழமாகச் சிந்திப்போம்.

கலந்து வரும் நோக்கங்கள்

மனிதன் எந்த நல்ல காரியத்தையும் ஒரே நோக்கத்துடன் செய்வது அரிது. குருமடத்துக்கு வரும் இளைஞனிடத்திற்கூட இறையழைத்தலோடு வேறு பல எண்ணங்களும் கலந்திருப்பதை அவனை உருவாக்குவோர் அறிவர். வைத்தியத் துறைக்கு வரும் பிள்ளையும் அப்படியே. பிறர் துன்பம் கண்டு இரங்கும் உள்ளம் ஒன்று. கடினமான பாடத்தை வென்று காட்டும் ஆசை இன்னொன்று. குடும்பத்தின் வறுமை நீங்கவேண்டும் என்ற ஏக்கம் மற்றொன்று. ஊரார் மதிக்கவேண்டும் என்ற விருப்பமும் உண்டு. தந்தையோ பாட்டனோ உரிய வேளையில் வைத்தியம் கிடைக்காமல் இறந்ததைக் கண்டு, அந்தக் காயத்தோடு படிக்க வருபவர்களும் உளர்.

பழைய இறையியலாளர் செயலின் நோக்கம் என்றும், செய்பவரின் நோக்கம் என்றும் இரண்டைப் பிரித்துக் காட்டினர். வைத்தியம் என்ற செயலின் நோக்கம் நோயாளியின் நலம். செய்பவரின் நோக்கம் ஊதியமாகவோ புகழாகவோ இருக்கலாம். செய்பவரின் நோக்கம் செயலின் நோக்கத்துக்கு அடங்கி நிற்குமாயின் அங்கே குற்றமில்லை. மீனவர் கடலுக்குப் போவது பிள்ளைகளின் வயிற்றுக்காகத்தான். அதனால் ஊருக்கும் மீன் கிடைக்கிறது. எப்பொழுது செய்பவரின் நோக்கம் செயலின் நோக்கத்தை விழுங்கிவிடுகிறதோ, அப்பொழுதே தொழில் கெடுகிறது. நோயாளிக்குத் தேவையில்லாத பரிசோதனையை அவர் கையிலே பணமிருக்கிறது என்பதற்காக எழுதும்போது அது நிகழ்கிறது. தேவையான பரிசோதனையை அவரிடம் பணமில்லை என்பதற்காக எழுதாமல் விடும்போதும் அது நிகழ்கிறது.

ஆகவே ஒருவர் எந்த எண்ணத்தோடு மருத்துவ பீடத்தின் வாசலை மிதித்தார் என்பது பெரிய காரியமன்று. கோதுமையும் களையும் சேர்ந்தே வளரும் வயலைப் பற்றி ஆண்டவர் சொன்ன உவமையை நாம் அறிவோம். தொழிலில் இறங்கிய பின் எந்தப் பயிருக்கு நீர் பாய்ச்சப்படுகிறது என்பதே காரியம். அந்த நீரைப் பாய்ச்சுவோர் யார் என்பதைப் பின்னர் பார்ப்போம்.

நிற்கச் செய்வது எது?

அமெரிக்க உளவியலறிஞர் பிரெடெரிக் ஹேர்ஸ்பேர்க் தம் உடனாய்வாளருடன் சேர்ந்து 1959ஆம் ஆண்டு ஒரு நூல் வெளியிட்டார். ஏறக்குறைய 200 பொறியியலாளரையும் கணக்காளரையும் கேட்டறிந்து எழுதிய நூல் அது. தொழிலில் மனநிறைவு தருபவை வேறு, மனக்கசப்பைத் தருபவை வேறு என்று அவர் கண்டார். குறைந்த சம்பளம், மோசமான வேலைச் சூழல், நீதியற்ற நிருவாகம் ஆகியவை மனிதரை வெறுப்படையச் செய்கின்றன. ஆயினும் அவற்றைச் சீராக்கிவிட்டால் மட்டும் மனநிறைவு வந்துவிடுவதில்லை. நிறைவு வேறிடத்திலிருந்து வருகிறது: செய்த வேலையிலிருந்தே, அதிலே கண்ட பயனிலிருந்தே, பிறர் அதை உணர்ந்துகொண்டதிலிருந்தே வருகிறது.

அவர் வைத்தியர்களைக் குறித்து எழுதவில்லை. ஆயினும் இந்தப் பிரிவு நம் வைத்தியசாலைகளுக்கும் பொருந்துகிறது. பணம் போதாமையால் வைத்தியர் போகிறார். ஆனால் நிற்கிற வைத்தியர் பணத்துக்காக நிற்கவில்லை. எதற்காக நிற்கிறார் என்பதற்கு மூன்று காரணங்களைக் கூறலாம்.

முதலாவது, வைத்தியசாலை ஒரு பள்ளிக்கூடம். தனியே ஒரு அறையில் இருந்து நோயாளரைப் பார்க்கும் வைத்தியர் வருடக்கணக்காக இருமலையும் காய்ச்சலையும் நீரிழிவையும் பார்ப்பார். விடுதியிலோ அரிய நோய்கள் வருகின்றன. கடுமையான நோய்கள் வருகின்றன. நோயின் தொடக்கம் முதல் முடிவுவரை அருகிருந்து காணலாம். தான் செய்தது சரியா பிழையா என்பது அடுத்த நாட் காலையிலேயே தெரிந்துவிடும். கீழே மாணவர்களும் உள்ளகப் பயிற்சி வைத்தியர்களும் கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பார்கள். கற்பிப்பவன் கற்றுக்கொண்டே இருக்கிறான்.

இரண்டாவது, அங்கே ஒருவர் தனித்து நிற்பதில்லை. சத்திரசிகிச்சை நிபுணர், மயக்க மருந்து நிபுணர், தாதியர், இரத்த வங்கியில் உள்ளவர், விடுதியைக் கூட்டித் துடைக்கும் தொழிலாளி ஆகிய இத்தனை பேரின் கைகளும் ஒரே நோக்கத்துக்காக ஒரே வேளையில் அசைகின்றன. ஒரே உடலின் பல உறுப்புகள் என்று புனித சின்னப்பர் திருச்சபையைக் குறித்துச் சொன்னதன் சாயலை அங்கே காணலாம்.

மூன்றாவது காரணம் அதிகம் பேசப்படாதது. நமது அரசாங்க வைத்தியசாலையிலே நோயாளிக்கும் வைத்தியருக்கும் இடையே பணம் நிற்பதில்லை. இலவச வைத்தியம் நோயாளிக்குக் கிடைத்த சலுகை என்றே நாம் எண்ணுகிறோம். அது வைத்தியருக்கும் கிடைத்த விடுதலை என்பதை எண்ணுவதில்லை. கட்டணம் வாங்கும் இடத்தில் எவ்வளவு நல்ல வைத்தியரும் மனதுக்குள் இரண்டு கணக்குப் போடவேண்டியிருக்கிறது: இந்த நோய்க்கு என்ன வேண்டும், இந்த மனிதரால் எவ்வளவு முடியும் என்று. அரசாங்க விடுதியில் முதற் கணக்கு மட்டுமே. தோட்டத் தொழிலாளியும் வங்கி முகாமையாளரும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில்களில் கிடக்க, இருவருக்கும் ஒரே அளவுகோலால் அளந்து வைத்தியம் செய்யும் சுதந்திரம் உலகில் எத்தனை நாட்டு வைத்தியருக்கு உண்டு? இந்தச் சுதந்திரத்தின் சுவையை ஒருமுறை அறிந்தவர் அதை எளிதில் விடமாட்டார்.

இனி, இதற்கு மறுபக்கமும் உண்டு. மருந்தில்லாத விடுதியில் இந்தச் சுதந்திரம் வெறுங்கனவு. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது, என்ன செய்யவேண்டும் என்று தெரிந்தும் செய்வதற்கு மருந்தோ கருவியோ இல்லாமல் வைத்தியர்கள் கைபிசைந்து நின்றார்கள். அறிவிருந்தும் கை கட்டப்பட்டிருப்பது சம்பளக் குறைவைவிடக் கொடியது.

போகிறவரின் நியாயங்கள்

அந்த ஆண்டு யூன் மாதம், அரச ஊழியர்கள் சம்பளமற்ற லீவில் ஐந்து ஆண்டுகள்வரை வெளிநாடு செல்லலாம் என அரசாங்கமே சுற்றறிக்கை வெளியிட்டது. நெருக்கடியைத் தொடர்ந்த ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான வைத்தியர்கள் நாட்டை விட்டுச் சென்றனர். விசேட நிபுணராவதற்கு நமது நாட்டு ஒழுங்கின்படி வெளிநாட்டிலும் பயிற்சி பெறவேண்டும். அப்படிப் போனவர்களிலும் ஒரு பகுதியினர் திரும்பவில்லை.

அவர்கள் கூறும் நியாயங்களைக் காது கொடுத்துக் கேட்பது நம் கடமை. தொடர்ச்சியான இரவுக் கடமைகள். விலைவாசியோடு ஓடமுடியாத சம்பளம். தூர மாவட்டத்துக்கு இடமாற்றம் கிடைத்தால் ஒழுங்கான விடுதி வசதியின்மை. பிள்ளைகளுக்கு நல்ல பாடசாலையின்மை. கணவன் ஒரு மாவட்டத்திலும் மனைவி இன்னொரு மாவட்டத்திலும் பிரிந்து வாழும் வாழ்க்கை. இவற்றோடு, நோயாளி இறந்துவிட்டால் உறவினர் திரண்டுவந்து சட்டையைப் பிடிக்கும் நிலையும் சேர்ந்திருக்கிறது. இவை சாக்குப்போக்குகள் அல்ல. தொழிலாளிக்குத் தன் குடும்பத்தோடு மதிப்பாக வாழத்தக்க ஊதியம் கொடுப்பது நீதி என்று திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891ஆம் ஆண்டிலேயே உலகுக்குப் போதித்தார். அந்தப் போதனை ஆலைத் தொழிலாளிக்கு மட்டும் உரியதன்று. வைத்தியரும் தொழிலாளியே. "சேவை" என்ற புனிதமான சொல்லைக் காட்டி ஒருவரின் நியாயமான ஊதியத்தையும் ஓய்வையும் மறுப்பது அந்தச் சொல்லையே அவமதிப்பதாகும்.

மாலைநேரத் தனியார் சிகிச்சையையும் இவ்வாறே நிதானமாக நோக்கவேண்டும். கடமை நேரத்துக்கு அப்பால் அரசாங்க வைத்தியர்கள் தனியார் சிகிச்சை செய்வதற்கு 1977ஆம் ஆண்டு முதல் அனுமதி உண்டு. அதைப் பாவமென்று சொல்ல நமக்கு அதிகாரமில்லை. ஆனால் மாலையில் காட்டும் முகமும் காலையில் காட்டும் முகமும் ஒன்றாய் இருக்கிறதா என்று ஒவ்வொரு வைத்தியரும் தம் மனச்சாட்சியைக் கேட்கவேண்டும். காலையில் ஒரு நோயாளிக்கு இரண்டு நிமிடம், மாலையில் அதே நோயாளிக்கு இருபது நிமிடம் என்றால், இடையிலே மாறியது நோயன்று.

போவது பாவமா?

இப்பொழுது கடினமான கேள்விக்கு வருவோம். மக்களின் வரிப்பணத்தில் இலவசமாகப் படித்த வைத்தியர் நாட்டை விட்டுப் போவது பாவமா?

பலர் இதைக் கடன் என்ற கோணத்தில் பார்க்கிறார்கள். ஏழை மீனவரும் கமக்காரரும் கொடுத்த வரியில் படித்தாய், ஆகவே கடன் தீர்க்கும்வரை நில் என்கிறார்கள். பட்டதாரிகள் கட்டாயமாக அரச சேவை செய்யவேண்டும் என 1961ஆம் ஆண்டிலேயே இங்கு சட்டம் இயற்றப்பட்டது. பயிற்சிக்காக வெளிநாடு செல்வோரிடம் பிணைப் பத்திரமும் வாங்கப்படுகிறது. இந்த வாதத்திலே நியாயம் உண்டு. ஆனால் அது முழுமையானதன்று. கடன் என்றால் அதைப் பணமாகத் திருப்பிக் கொடுத்துவிடலாம். வெளிநாட்டில் இரண்டு மூன்று ஆண்டுகள் உழைத்துப் பிணைப்பணத்தைக் கட்டிவிட்டவர் "என் கடன் முடிந்தது" என்று கூறலாம். மேலும் பொறியியலாளரும் கணக்காளரும் இலவசமாகவே படித்தார்கள். அவர்கள் போகும்போது நாம் இவ்வளவு கலங்குவதில்லையே, ஏன்?

புனித தோமஸ் அக்குவினாஸ் தமது இறையியல் தொகுப்பில் வழக்கறிஞர்களைக் குறித்து ஒரு கேள்வி எழுப்புகிறார்: ஏழையின் வழக்கை இலவசமாக நடத்த வழக்கறிஞர் கடமைப்பட்டவரா? அவர் தரும் விடை மிகவும் நிதானமானது. எந்த ஒரு மனிதனாலும் எல்லா ஏழைகளுக்கும் உதவ முடியாது. தேவையுள்ளோரைத் தேடி உலகமெங்கும் அலையும் கடமையும் எவருக்கும் இல்லை. இடத்தாலும் காலத்தாலும் சூழ்நிலையாலும் நம்மோடு இணைக்கப்பட்டவர்களை முதலில் நோக்கவேண்டும். அப்படி நம் முன்னே வந்தவருடைய தேவை அவசரமானதாயும், அவருக்கு உதவ வேறொருவரும் கண்ணுக்குத் தென்படாமலும் இருந்தால், அப்பொழுது உதவுவது கடமை. வேறு வழிகள் இருக்கும்போது உதவுவது புகழத்தக்கது, ஆயினும் கட்டாயமன்று. இதைச் சொல்லிவிட்டு, வைத்தியருக்கும் இதுவே பொருந்தும் என்று அவர் சேர்த்துக்கொள்கிறார். தொடர்ந்து, தம் உழைப்புக்கு அளவான ஊதியம் பெறுவது நியாயம் என்றும், அளவுக்கு மிஞ்சிக் கறப்பது நீதிக்கு எதிரான பாவம் என்றும் தெளிவாக்குகிறார்.

இந்த அளவுகோலை நம் நாட்டுக்குப் பொருத்திப் பாருங்கள். ஒரே துறையில் பல நிபுணர்கள் பணிபுரியும் கொழும்பிலிருந்து ஒருவர் போவதும், ஒரு மாவட்டத்துக்கே ஒருவராக இருக்கும் மயக்க மருந்து நிபுணர் போவதும் ஒன்றல்ல. அந்த ஒருவர் போனால் சத்திரசிகிச்சை நிபுணர் இருந்தும் பயனில்லை. சத்திரசிகிச்சைக் கூடத்தின் கதவு மூடப்படும். பிரசவ வேதனையில் இருக்கும் தாயை அம்புலன்ஸில் ஏற்றி அடுத்த மாவட்டத்துக்கு அனுப்பவேண்டியிருக்கும். நெடுந்தீவிலே ஒருவருக்கு இரவில் நெஞ்சு வலித்தால், கடலைக் கடந்து குறிகட்டுவானுக்கு வந்து, அங்கிருந்து தரைவழியாக யாழ்ப்பாணம் வரவேண்டும். அத்தகைய இடத்தில் நிற்கும் வைத்தியரைப் பார்த்து "வேறொருவர் பார்த்துக்கொள்வார்" என்று எவரும் சொல்லமுடியாது.

ஆகவே நம் விடை இது: போவது தன்னிலேயே பாவமன்று. உயிருக்கு அஞ்சிப் போனவர்கள் உண்டு. 1983க்குப் பின் நம் வைத்தியர்கள் பலர் அவ்வாறே போனார்கள், அவர்களை எவரும் குறைகூற முடியாது. குடும்ப நெருக்கடியால் போனவர்களும் உண்டு. ஆனால் போகுமுன் கேட்கவேண்டிய கேள்வி "நான் எவ்வளவு கடன்பட்டேன்?" என்பதன்று. "நான் விட்டுப்போகும் இடத்தில் என் வேலையைச் செய்ய யார் இருக்கிறார்?" என்பதே. அந்தக் கேள்வியின் விடை "ஒருவருமில்லை" என்றால், போகிறவர் மிகப் பாரமான காரணம் ஒன்றைத் தம் மனச்சாட்சிக்கும் கடவுளுக்கும் காட்டவேண்டியிருக்கும்.

இந்தப் பொறுப்பு வைத்தியரோடு முடிவதுமில்லை. உலக சுகாதார நிறுவனம் 2010ஆம் ஆண்டில் வகுத்த நெறிமுறை, வைத்தியர் பற்றாக்குறையால் வாடும் நாடுகளிலிருந்து வசதியுள்ள நாடுகள் ஆட்களைத் திரட்டாமல் தவிர்க்கவேண்டும் எனக் கூறுகிறது. அது சட்டமல்ல, வேண்டுகோள்தான். ஏழை நாடு படிப்பித்து விட, செல்வந்த நாடு பயன்பெறுவது தனிமனிதரின் பாவம் மட்டுமன்று. நாடுகளுக்கிடையேயான அநீதியும் ஆகும்.

நின்றவர்கள்

இந்தப் பிரச்சினை நமக்குப் புதியதன்று. அமெரிக்க மிசன் வைத்தியரான சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் வைத்தியம் செய்தும் கற்பித்தும் 1873வரை உழைத்தார். மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலே கற்பித்தார்; நூல்களைத் தமிழாக்கினார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசாங்க உத்தியோகம் தேடி ஊரை விட்டுப் போய்விடுகிறார்கள் என்பதை அவர் கண்டிருந்தார். தமிழிற் படித்தவர் தமிழ்க் கிராமங்களிலேயே நிற்பார் என்பது அவர் நம்பிக்கை. அவர் நம்மவரல்லர், நம் திருச்சபையினருமல்லர். ஆனாலும் யாழ்ப்பாணத்தில் மேனாட்டு வைத்தியத்தின் வரலாற்றை அவர் பெயரின்றி எழுதமுடியாது.

1987 ஒக்டோபர் 21, 22ஆம் திகதிகளில், தீபாவளி நாளன்றும் மறுநாளும், யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குள் புகுந்த இந்தியப் படையினரின் துப்பாக்கிகளுக்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் பலியாயினர். அவர்களுள் 21 பேர் கடமையிலிருந்த வைத்தியர்கள், தாதியர், ஊழியர்கள். நகரிலே சண்டை நெருங்கிக்கொண்டிருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. குழந்தை வைத்திய நிபுணர் அ. சிவபாதசுந்தரம் உயிரோடிருந்தோரைக் காப்பதற்காகக் கைகளை உயர்த்தியபடி தாதியரோடு நடந்து வந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார்.

அதற்கு மூன்று நாட்களின் பின், ஒக்டோபர் 25ஆம் திகதி, உரோமையில் பொதுநிலையினரைக் குறித்த ஆயர் மாமன்றம் நடந்துகொண்டிருந்த வேளையில், திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் ஒரு வைத்தியரைப் புனிதராக உயர்த்தினார். அவர் நேப்பிள்ஸ் நகரின் யோசேப்பு மொஸ்காற்றி. 1880இல் பிறந்து, 1903இல் வைத்தியப் பட்டம் பெற்று, "தீராநோயாளர் வைத்தியசாலை" என்ற பெயருடைய இடத்திலே தம் வாழ்நாளைக் கழித்தவர். 1906இல் வெசூவியஸ் எரிமலை சீறியபோது, சாம்பல் விழுந்து கூரை சரியுமுன், முதியோரும் முடவருமாய் இருந்த நோயாளர்களை வெளியேற்றிக் காப்பாற்றினார். பல்கலைக்கழகத்திலே பெரிய பதவி கிடைக்கக்கூடிய நிலையிலும், வைத்தியசாலையில் நோயாளர் அருகே இருப்பதையே தெரிந்துகொண்டார் என அவருடைய வரலாற்றை எழுதியோர் கூறுவர். வீட்டிலே தனியார் சிகிச்சையும் செய்தார். ஆனால் காத்திருப்போர் அறையில் காசு இடுவதற்கு ஓர் இடம் இருக்கும். இருப்பவர் இயன்றதை இடலாம், இல்லாதவர் தமக்குத் தேவையானதை எடுக்கலாம். 1927 ஏப்ரல் 12ஆம் திகதி காலையில் திருப்பலி கண்டு, வைத்தியசாலைக்குச் சென்று வந்து, வீட்டிலே நோயாளர்களைப் பார்த்துக்கொண்டிருந்த அன்றே 46 வயதில் இறந்தார்.

உரோமையிலே ஒரு வைத்தியருக்குப் பீடத்தின் மகிமை அளிக்கப்பட்ட அந்த ஞாயிறன்று, யாழ்ப்பாணத்திலே வைத்தியர்களின் குருதி இன்னும் காயவில்லை. எந்த ஆயரும் திட்டமிடாத இந்தப் பொருத்தத்தை நாம் மறக்கலாகாது.

2009ஆம் ஆண்டு வன்னியின் இறுதி மாதங்களிலும், மருந்தும் இரத்தமும் போதாத தற்காலிக வைத்தியசாலைகளில், வைத்தியர்கள் த. சத்தியமூர்த்தி, து. வரதராஜா, வீ. சண்முகராஜா முதலியோர் மே மாதம்வரை காயப்பட்டோரோடு நின்றார்கள். அதன்பின் அவர்கள் சில மாதங்கள் தடுத்துவைக்கப்பட்டதும் யாவரும் அறிந்ததே.

இத்தகைய வீரத்தை ஒவ்வொரு வைத்தியரிடமும் கேட்க நமக்கு உரிமையில்லை. கட்டளை வேறு, ஆலோசனை வேறு என்று திருச்சபை எப்பொழுதும் கற்பித்துவந்துள்ளது. ஆனால் இவர்கள் ஒன்றைக் காட்டித் தந்தார்கள். சம்பளமும் வசதியும் பாதுகாப்பும் எல்லாம் போன பின்னும், எதிரே கிடக்கும் நோயாளி ஒருவரே ஒரு வைத்தியரை நிறுத்திவைக்கப் போதுமான காரணமாயிருக்க முடியும்.

நாம் என்ன நீர் பாய்ச்சுகிறோம்?

வாசகர்களே, இதுவரை வைத்தியரைப் பற்றியே பேசினோம். இனி நம்மைப் பற்றிப் பேசுவோம்.

ஒன்பதாம் வகுப்பிலிருந்து பிள்ளையை டியூசனுக்குக் காலை, மாலை, ஞாயிறு என்று பாராமல் அனுப்புகிறோம். ஞாயிறு திருப்பலியும் மறைக்கல்வியும் டியூசனுக்கு வழிவிட்டு ஒதுங்குகின்றன. வெட்டுப்புள்ளியே வாழ்க்கையின் எல்லையென்று கற்பிக்கிறோம். பிள்ளை வைத்தியனானதும் கலியாணச் சந்தையில் அவனுக்கு விலை வைக்கிறோம். டொக்டர் மாப்பிள்ளை என்றால் வீடு, காணி, நகை, காசு என்று சீதனப் பட்டியல் நீளுகிறது. கொடுத்தவர், கொடுத்ததற்கு ஏற்ற வாழ்க்கையைத் தம் மகளுக்கு எதிர்பார்க்கிறார். வாங்கியவர் அதற்கேற்ப உழைக்கவேண்டியவராகிறார். சொந்தக்காரர் கூடும் இடத்தில் "தம்பி எத்தனை பேரைச் சுகப்படுத்தினான்?" என்று ஒருவரும் கேட்பதில்லை, "தம்பி மாதம் எவ்வளவு உழைக்கிறான்? எப்ப வெளிநாடு போறான்?" என்றுதான் கேட்கிறோம். இத்தனையும் செய்துவிட்டு, அதே வைத்தியர் தியாகியாய் இருக்கவேண்டும் என்று வைத்தியசாலை வாசலில் நின்று எதிர்பார்க்கிறோம். களைக்கு நீர் பாய்ச்சிவிட்டுக் கோதுமையை அறுக்கமுடியுமா?

இன்னொன்று. அரசாங்க விடுதியில் கட்டிலோ சத்திரசிகிச்சைத் திகதியோ விரைவிற் கிடைக்கட்டும் என்பதற்காகவே நிபுணரை முதலில் தனியாரிடம் "சனல்" பண்ணும் பழக்கம் நம்மிடையே உண்டு. அப்பொழுது நாம் வாங்குவது வைத்தியமல்ல. வரிசையிலே முன்னுக்கு நிற்கும் இன்னொருவருடைய இடத்தை. சனல் பண்ணக் காசில்லாத அந்த மனிதர் நம் பங்கைச் சேர்ந்தவராகவும் இருக்கலாம். வைத்தியரை மட்டும் குறைகூறி நாம் தப்பமுடியாது.

அப்படியானால் செய்யக்கூடியது என்ன? பெரிய காரியங்கள் வேண்டியதில்லை. உங்கள் ஊர் வைத்தியசாலைக்கு இடமாறி வரும் இளம் வைத்தியருக்கு நியாயமான வாடகையில் ஒரு வீடு கொடுங்கள். வீடு கேட்பவர் டொக்டர் என்றதும் வாடகையை இரட்டிப்பாக்காதீர்கள். அவருடைய பிள்ளையை உங்கள் பிள்ளையோடு பாடசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். தூரத்திலிருந்து வந்த பயிற்சி வைத்தியரையும் தாதியரையும், சிங்களவராயினும் முஸ்லிம்களாயினும், நத்தார் நாளில் உங்கள் மேசைக்கு அழையுங்கள். சுகமானபின் திரும்பிச் சென்று ஒரு நன்றி கூறுங்கள். பத்துத் தொழுநோயாளருள் ஒருவரே திரும்பி வந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். மரணம் நிகழ்ந்தால் விளக்கம் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. கை நீட்டும் உரிமை இல்லை. குறை கண்டால் முறைப்படி எழுதுங்கள். நிறை கண்டாலும் அவ்வாறே எழுதுங்கள்.

புலம்பெயர்ந்த நம் உறவுகள் வைத்தியசாலைகளுக்குக் கருவிகள் வாங்கித் தருகிறார்கள். அது பாராட்டத்தக்கது. ஆனால் கருவி இரவிலே விழித்திருந்து நோயாளியின் முகத்தைப் பார்க்காது. அதை இயக்குகிறவர் நிற்கத்தக்க ஊராக நம் ஊரை ஆக்குவது, இங்கே இருக்கும் நம்முடைய வேலை.

இறுதியாக, இதை வாசிக்கும் மருத்துவ பீட மாணவருக்கும் இளம் வைத்தியருக்கும் ஒரு வார்த்தை. சீராக் ஞான ஆகமத்தின் 38ஆம் அதிகாரத்தைத் திறந்து வாசியுங்கள். வைத்தியரை மதிக்கும்படி மக்களுக்கும், குணமளிக்கும் ஆற்றல் உன்னதரிடமிருந்தே வருகிறது என்று வைத்தியருக்கும் அது ஒருங்கே கூறுகிறது. நீங்கள் களைத்துப்போவீர்கள். போய்விடலாம் என்று பலமுறை எண்ணுவீர்கள். அந்த எண்ணம் வந்ததற்காக உங்களையே பழித்துக்கொள்ளாதீர்கள். முடிவெடுக்குமுன் விடுதிக்குள் ஒருமுறை நடந்து, ஒவ்வொரு கட்டிலின் அருகிலும் நின்று, "எனக்குப் பிறகு இவரை யார் பார்ப்பார்?" என்று கேளுங்கள். விடை கிடைத்தால் சமாதானத்தோடு போங்கள். கிடைக்காவிட்டால், இன்னும் ஓராண்டு நில்லுங்கள். அடுத்த ஆண்டும் அதே கேள்வியைக் கேளுங்கள்.

ஒக்டோபர் 18ஆம் திகதி வைத்தியரான புனித லூக்காவின் திருநாள். அன்று உங்கள் குடும்ப செபத்தில் உங்கள் ஊர் வைத்தியசாலையின் பெயரைச் சொல்லி மன்றாடுங்கள். மறுநாட் காலையில் வெளிநோயாளர் பிரிவுக்குப் போகவேண்டியிருந்தால், உங்களுக்கு முன்னே வந்தவருக்குப் பின்னால் நில்லுங்கள்.